நாகைக்கு ஓர் எண்ணெய்ப் பிரயாணம்

நாகப்பட்டினத்துக்கு ஜனங்கள் எதற்காகப் போகிறார்கள்? நாகூர் தர்காவுக்காகப் போகிறார்கள்; வேளாங்கண்ணிக்காகப் போகிறார்கள்; சிக்கல் சிங்காரவேலரைச் சேவித்துவிட்டு, அப்படியே கொஞ்சம் கடற்காற்றும் வாங்கி வரலாம் என்று போகிறார்கள். ஓர் இரும்புக் குழாயின் நுனியிலிருந்து எண்ணெய் எப்படித் தெறிக்கிறது என்று பார்ப்பதற்காக அந்த ஊருக்கு ரயில் ஏறியவர்கள், நமக்குத் தெரிந்த வரையில், நாமும் நம் மாமாவுமே.

இந்த விசித்திர யாத்திரைக்குக் காரணம் நாம் செய்த ஒரு பழைய பாபம். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

2002 டிசம்பர் 31-ந் தேதி, டில்லியிலிருந்து அமிருதசரஸுக்குப் போகும் சதாப்தி எக்ஸ்பிரஸை, டீஸலில் 100-க்கு 5 பங்கு தாவர எண்ணெயிலிருந்து செய்த பயோடீஸலைக் கலந்து ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வருஷம் திட்டக் கமிஷன், தேசமெங்கும் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்குப் பயிரிட்டால் டீஸலில் ஐந்தில் ஒரு பங்கை நம் மண்ணிலேயே விளைத்துக்கொள்ளலாம் என்று கணக்குச் சொல்லிற்று. நமக்கு அப்போது இளம் வயது. உபாத்தியாயர் உத்தியோகம் புதிது. சுதேசித் துணி என்பதைப் பாட்டனார் காலத்துக் கதையாகக் கேட்டிருந்த நமக்கு, சுதேசி எண்ணெய் என்பது நம் காலத்துக்கென்று விட்டு வைத்திருந்த கைங்கரியமாகத் தோன்றியதில் வியப்பில்லை. வல்லத்தில் கூடிய விவசாயிகள் முன்னிலையில், "விதையைப் பிழியுங்கள்! எஞ்ஜினில் ஊற்றுங்கள்! அயல்நாட்டுக்குப் போகிற பணம் உங்கள் களத்துமேட்டிலேயே தங்கிவிடும்!" என்று முழங்கினோம். கரகோஷம் பலமாக எழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் நம் தாய்மாமன்.

கைதட்டியதோடு அவர் நின்றிருந்தால் பாதகமில்லை. வல்லத்துச் செம்மண் மேட்டில் 3 ஏக்கர் முழுவதும் காட்டாமணக்கை நட்டுவிட்டார். விதையை வாங்கிக்கொள்வதாக வாக்களித்த கம்பெனி இரண்டாவது வருஷமே இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. காட்டாமணக்கு, தண்ணீர் இல்லாவிட்டாலும் பிழைத்துக் கிடக்கும். ஆனால் தண்ணீரும் எருவும் இல்லாவிட்டால் காய்க்காது. பிழைப்பதற்கும் காய்ப்பதற்கும் உள்ள இந்தச் சிறிய வித்தியாசத்தை நம் பிரசங்கத்தில் சொல்ல மறந்திருந்தோம். காய்த்த கொஞ்ச நஞ்சத்தை மாமா செக்கில் கொடுத்துப் பிழிந்து, நாம் சொன்னபடியே கிணற்றடி ஆயில் எஞ்ஜினில் ஊற்றினார். எஞ்ஜின் ஓடிற்று. "உன் வாக்குப் பலித்துவிட்டதடா!" என்று டெலிபோனில் நம்மைக் கூப்பிட்டு வாழ்த்தினார். ஏழாவது வாரம் கரும்புகை வந்தது. பிறகு தட தடவென்று ஓர் இரைச்சல். அப்புறம் சப்தமே இல்லை. பிஸ்டன் வளையங்கள் பிசின் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. எஞ்ஜின் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

அந்த எஞ்ஜினிலிருந்து ஒரே ஒரு சாமானை மட்டும் மாமா கழற்றி வைத்துக்கொண்டார். எண்ணெயைத் தெறிக்கும் நாஸில். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அதை ஒரு மூக்குப்பொடி டப்பியில் போட்டு வைத்திருக்கிறார். வல்லத்துக்கு நாம் போகும்போதெல்லாம், காப்பி வருவதற்கு முன்னால், ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த டப்பியை எடுத்து மேஜைமேல் வைப்பார். பதினேழு வருஷமாக இப்படி!

நிற்க. நம்மிடம் பௌதிகம் படித்த மாணாக்கன் ஒருவன் இப்போது ஓர் எஞ்ஜினீயரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறான். அவன் ஆராய்ச்சி செய்கிற விஷயமே இந்தத் தெறிப்புத்தான்: டீஸல் எப்படித் தெறிக்கிறது, புங்கெண்ணெயிலிருந்து செய்த பயோடீஸல் எப்படித் தெறிக்கிறது என்பது. மீன்பிடி தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும் நாகப்பட்டினத்தில் விசைப்படகுகளின் எஞ்ஜின்களைப் பிரித்துச் செப்பனிடுவார்கள். அங்கே தனக்குப் பழக்கமான ஒரு பட்டறை இருப்பதாகவும், நேரில் வந்தால் கண்ணாலேயே பார்க்கலாம் என்றும் அவன் எழுதினான். நமக்கும் மே மாதத்து விடுமுறை. மாமாவையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூரில் வண்டி ஏறினோம். எண்ணெய்ப் பாட்டில்களை மாணாக்கனே கல்லூரி வண்டியில் முன்னதாகக் கொண்டு போய்விட்டான். எரியும் சரக்கை ரயிலில் ஏற்றுவது குற்றமாகையால், ஓர் உபாத்தியாயரை அந்தக் கோலத்தில் ரயில்வே போலீஸ் பார்க்கும் பாக்கியம் கிட்டவில்லை.

இந்த ரயில் பாதை பழம் பெருமை வாய்ந்தது. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் போட்ட பாதை இது. ரயில்வேயின் பெரிய தொழிற்சாலையும் வெகு காலம் நாகையில்தான் இருந்தது. 1928-ல் பொன்மலைக்குப் போய்விட்டது. நம் கதைக்குச் சம்பந்தமான பெருமை ஒன்றும் இதற்கு உண்டு. காட்டாமணக்கு மோகம் உச்சத்தில் இருந்த காலத்தில், தஞ்சாவூர் – நாகூர் வண்டிகளின் டீஸல் எஞ்ஜின்களுக்கும் இந்தக் கலப்பு எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது தலைக்குமேல் மின்சாரக் கம்பி ஓடுகிறது. நம்மை இழுத்துச் சென்ற எஞ்ஜினுக்கு எந்த எண்ணெயும் வேண்டியிருக்கவில்லை.

சாலியமங்கலம், நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று ஸ்டேஷன்கள் வந்து போயின. மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அங்கங்கே பருத்தி நின்றது. வாய்க்கால் கரைகளில் மட்டும் புங்கமரங்கள் பச்சைப் பசேலென்று குடை பிடித்துக்கொண்டிருந்தன. கோடையில் புங்க நிழலுக்கு நிகர் இல்லை என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. அதன் எண்ணெய் கசக்கும், சமையலுக்கு உதவாது, முன்காலத்தில் விளக்கெரிக்கவும், சொறி சிரங்குக்குப் பூசவும் உதவிற்று. சாப்பாட்டோடு போட்டி போடாத எண்ணெய் என்பதனாலேயே ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதன்மேல் பிரியம்.

"எஞ்ஜின் ஓடத்தானே ஓடிற்று? பிறகு ஏன் செத்துப் போயிற்று? அதை மட்டும் சொல்லு" என்றார் மாமா, குளிக்கரை தாண்டியதும். பதினேழு வருஷத்தில் அவர் வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

"மாமா, உங்கள் பெண் கல்யாணத்தில் பன்னீர்ச் சொம்பு வைத்திருந்தோமே, நினைவிருக்கிறதா?" என்றோம்.

"இருக்கிறது. அதற்கென்ன?"

"அதில் பன்னீருக்குப் பதிலாக விளக்கெண்ணெயை ஊற்றியிருந்தால்?"

மாமா யோசித்தார். "சம்பந்தி சட்டையில் சொட்டியிருக்கும். கல்யாணம் நின்றிருக்கும்" என்றார்.

விஷயம் முழுவதும் அதில் அடக்கம். பெட்ரோல் எஞ்ஜினில் பொறி வைத்து எரிக்கிறார்கள். டீஸல் எஞ்ஜினில் பொறி கிடையாது. காற்றை அதன் கனஅளவில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக அமுக்குகிறார்கள். அமுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்தக் கொதிப்புக்குள் எண்ணெயைத் தெறித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆனால் எண்ணெய் துளியாகி, ஆவியாகி, காற்றோடு கலந்து எரிவதற்குக் கிடைக்கிற அவகாசம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆகவே எண்ணெய் எவ்வளவு பொடியாக உடைகிறது என்பதே எஞ்ஜினின் ஜீவாதாரம். பள்ளிக்கூடத்துக் கணக்காகச் சொன்னால், ஓர் உருண்டைத் துளியை விட்டத்தில் நூறில் ஒரு பங்கான சிறு துளிகளாக உடைத்தால், 10 லக்ஷம் துளிகள் கிடைக்கும். காற்றைத் தொடும் மேற்பரப்பு 100 மடங்காகும். எரிவது மேற்பரப்பில் அல்லவா? நாம் மேடையில் முழங்கியபோது இந்தக் கணக்கு நமக்குத் தெரியாமலில்லை. அதைக் காட்டாமணக்கோடு சேர்த்துப் போட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

திருவாரூரில் காப்பி குடித்தோம். சிக்கலில் கோபுர தரிசனம் ஜன்னல் வழியாகவே கிடைத்தது. நாகையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கடுவையாற்றின் முகத்துவாரத்தில், தடைக்காலத்து விசைப்படகுகள் பக்கத்தில் பக்கமாகக் கட்டிக் கிடந்தன. கருவாடும், சாயமும், டீஸலும் கலந்த வாசனை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இந்தத் துறையில் ஆழிப்பேரலை ஏறி வந்து படகுகளையும் மனிதர்களையும் வாரிப் போட்டது. அந்த நினைவு இல்லாமல் இங்கே நடக்க முடியாது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நம் மாணாக்கன் காத்திருந்தான். பட்டறைக்காரரை ஊரில் எல்லோரும் 'நாஸில் பாய்' என்றே அழைக்கிறார்கள். அறுபது வயது, கை முழுதும் எண்ணெய், கண்ணாடிக்குப் பின்னால் மிகவும் சுத்தமான கண்கள்.

பட்டறையின் நடுவில் ஒரு சோதனைக் கருவி. கைப்பிடி ஒன்று, அழுத்தம் காட்டும் வட்ட முள் ஒன்று, எண்ணெய்க் கிண்ணம் ஒன்று. நுனியில் நாஸிலைத் தலைகீழாக மாட்டுகிறார்கள். கைப்பிடியை அமுக்கினால், முள் 200 என்ற இடத்தைத் தொடும்போது நாஸில் திறந்துகொள்கிறது. அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு. "கையை மட்டும் கீழே காட்டிடாதீங்க, சார். தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வலி தெரியாது, அப்புறம் ஆஸ்பத்திரியிலே அறுத்துத்தான் எடுக்கணும்" என்று பாய் எச்சரித்தார். மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதலில் டீஸல். பாய் கைப்பிடியை ஓர் அமுக்கு அமுக்கினார். 'கிர்ர்' என்று ஒரு சப்தம். நாஸிலின் நான்கு துவாரங்களிலிருந்தும் நான்கு வெண்புகைக் குஞ்சங்கள் விரிந்து, கணத்தில் கலைந்து போயின. துவாரம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குதான். எண்ணெய் என்றே சொல்ல முடியாது. மார்கழி மாதத்து விடியற்காலைப் பனி மாதிரி இருந்தது. கீழே பிடித்த வெள்ளைக் காகிதத்தில் நான்கு அகலமான மங்கல் வட்டங்கள்.

இரண்டாவது, செக்கில் ஆட்டிய புங்கெண்ணெய், சுத்தமாக வடிகட்டியது. பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் ஊற்றினார். 'கிர்ர்' சப்தம் வரவில்லை. ஒரு முனகல் வந்தது. குஞ்சங்களைக் காணோம். நான்கு மெல்லிய கம்பிகள்! நேராகப் பாய்ந்து காகிதத்தைத் தாக்கி, நான்கு கரும் பொட்டுக்கள் வைத்தன. அமுக்குவதை நிறுத்திய பிறகும் நாஸிலின் மூக்கில் ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் தாத்தா உங்கள் எஞ்ஜினில் நடந்தது" என்றான் மாணாக்கன். 40 டிகிரி சூட்டில் டீஸலின் பிசுக்கு 2-லிருந்து 4½ வரையில் என்றால், பிழிந்த புங்கெண்ணெய்க்கும் காட்டாமணக்கெண்ணெய்க்கும் 35, 40 வரையில் போகும். ஏறக்குறைய பத்து மடங்கு. பிசுக்கான எண்ணெய் உடைய மறுக்கிறது. கம்பியாகவே போய் எதிர்ச் சுவரில் மோதுகிறது. அங்கே எரிந்தும் எரியாமலும் கரியாகிறது; மிச்சம் சுவரில் வழிந்து பிஸ்டன் வளையங்களில் பிசினாகிறது. நாஸிலின் மூக்கில் தொங்கும் சொட்டுக் கருகித் துவாரத்தை அடைக்கிறது. அடைந்த துவாரம் இன்னும் மோசமாகத் தெறிக்கிறது. முதல் நாளே தெரியாது. வாரக் கணக்கில் சேரும். 1900-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீஸல் எஞ்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள் என்பது சரித்திரம். அதையும் நம் பிரசங்கத்தில் சொல்லியிருந்தோம். ஒரு கண்காட்சியில் ஓடுவது வேறு, வல்லத்துக் கிணற்றடியில் வருஷம் முழுதும் ஓடுவது வேறு.

மூன்றாவது பாட்டிலில் இருந்தது, அதே புங்கெண்ணெயிலிருந்து செய்த பயோடீஸல். செய்யும் முறையைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் சோப்புக் காய்ச்சுவதாக நினைத்துக்கொள்வார்கள், நெருங்கிய உறவுதான். 1 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 200 மில்லிலிட்டர் மெத்தனால், சில கிராம் காஸ்டிக் பொட்டாஷ். 60 டிகிரியில் வைத்துக் கலக்க வேண்டும். ஆறினால் கிளிசரின் கீழே தங்கும்; தெளிந்த மஞ்சள் திரவம் மேலே நிற்கும். வெந்நீர் விட்டுக் கழுவி ஈரம் போக்க வேண்டும். புங்கெண்ணெயில் புளிப்பு அதிகமானால் முதலில் அமிலத்தால் அதைச் சரிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உண்மையாகவே சோப்பு ஆகிவிடும். கனத்த எண்ணெய் மூலக்கூறு ஒன்று இலேசான மூன்றாகப் பிரிந்துவிடுவதால் பிசுக்கு 40-லிருந்து 5, 6-க்கு இறங்குகிறது. (மெத்தனால் விஷம், அதன் ஆவியும் தீப்பற்றும். வீட்டு அடுப்பில் யாரும் பரீக்ஷித்துப் பார்க்க வேண்டாம்.)

பாய் அமுக்கினார். 'கிர்ர்' என்றது. குஞ்சங்கள் விரிந்தன.

"டீஸல் மாதிரியே இருக்கிறதே!" என்றோம் நாம், பழைய மேடைக் குரல் சற்றே எட்டிப் பார்க்க.

"இல்லே சார். சப்தம் கொஞ்சம் கனம். குஞ்சம் கொஞ்சம் ஒல்லி. காகிதத்தைப் பாருங்க" என்றார் பாய். டீஸல் காகிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வட்டங்கள் சிறியவை, நடுவில் ஈரம் அதிகம். மாணாக்கன் நம்மைப் பார்த்துச் சிரித்தான். கல்லூரியில் கனத்த கண்ணாடி ஜன்னல் வைத்த உருக்குப் பெட்டிக்குள், எஞ்ஜினில் இருப்பதுபோலக் காற்றை அமுக்கி, விநாடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் காமிராவை வைத்துப் பார்த்தாலும் இதே முடிவுதானாம். டீஸலைவிடப் பயோடீஸலின் தெறிப்பு ஒடுக்கமாகவும் நீளமாகவும் போகிறது. துளிகளும் சற்றுப் பெரியவை. பிசுக்கும், அடர்த்தியும், மேற்பரப்பின் இழுவிசையும் மூன்றுமே கூடுதலானதால் வருகிற வினை. அன்றியும் டீஸலில் 200 டிகிரிக்குக் கீழேயே ஆவியாகிற பகுதியும் உண்டு. பயோடீஸலோ அநேகமாக முழுவதும் 300 டிகிரிக்கு மேலேதான் அசைகிறது. ஆகையால் திரவமாகவே சற்று அதிக தூரம் போய்ச் சுவரை நனைத்து, அடித்தொட்டியில் உள்ள மசகு எண்ணெயோடு கலந்துவிடவும் கூடும். 1500, 2000 மடங்கு அழுத்தத்தில் தெறிக்கும் புதுமாதிரி எஞ்ஜின்களில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும். பாயின் பட்டறைக்கு வரும் பழைய எஞ்ஜின்களில் குறையாது.

இவ்வளவு குறையிருந்தும் புகை குறைகிறது என்பதுதான் ஆச்சரியம். பயோடீஸலின் எடையில் 100-க்கு 11 பங்கு பிராணவாயு. எரியப் போகும்போதே கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு போகிறது! அதற்குப் பதிலாக உஷ்ணம் எடைக்கு எடை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் கெட்ட வாயு பல எஞ்ஜின்களில் கொஞ்சம் கூடுகிறது.

இந்தச் சமயத்தில் பட்டறைக்குள் வந்த ஒரு விசைப்படகுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, இதைப் போட்டுக்கிட்டு நான் கடலுக்குப் போனா, எஞ்ஜின் நடுக்கடலிலே நிக்குமா, நிக்காதா? அதைச் சொல்லு" என்றார்.

நாமாக இருந்தால், இருபது வயதுகளில், "நிற்கவே நிற்காது!" என்று சொல்லியிருப்போம். மாணாக்கன் அப்படிச் சொல்லவில்லை. "முழுசாப் போடாதீங்க, அண்ணே. நூற்றுக்கு அஞ்சிலேருந்து இருபது வரைக்கும் கலந்தா தெறிப்பு டீஸலுக்குக் கிட்டே வந்துடும். ஆனா இது பழைய டாங்கியிலே இருக்கிற கசடையெல்லாம் கரைச்சுக்கிட்டு வரும்; முதல் தடவை பில்டர் அடைச்சுக்கும். அதைக் கரையிலே வெச்சே மாத்திப் பார்த்துட்டு அப்புறம்தான் போகணும். பழைய ரப்பர் குழாயெல்லாம் ஊதிப் போகும். தண்ணியையும் இழுக்கும். கடலிலே அது பெரிய விஷயம்" என்றான்.

"எங்கே கிடைக்கும்?"

"அதுதான் அண்ணே, கஷ்டம்."

உண்மைதான். 2009-ம் வருஷத்துக் கொள்கை, 2017-க்குள் ஐந்தில் ஒரு பங்கு கலக்க வேண்டும் என்றது, நடக்கவில்லை. 2018-ம் வருஷத்துக் கொள்கை, 2030-க்குள் 100-க்கு 5 பங்கு என்று இறக்கிக்கொண்டது. அதற்கும் வெகு தூரத்தில் இருக்கிறோம். காட்டாமணக்குப் பேச்சு அடங்கி, இப்போது பக்ஷணக் கடைகளில் சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெயைத் தேடுகிறார்கள். படகுக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தம் நாஸில்களை வாங்கிக்கொண்டு போனார். அவர் இன்னும் கொஞ்சம் கேள்வி கேட்டிருக்கலாம் என்று நமக்கு ஏக்கமாக இருந்தது.

அப்போது மாமா ஜிப்பாப் பையிலிருந்து பொடி டப்பியை எடுத்தார். பாய் அதைத் திறந்து, கரிக்கட்டையாக இருந்த நாஸிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊசி இறுகிப் போச்சு, பெரியவரே. ஆனா தேயலை" என்றார். ஒரு கிண்ணத்தில் மாணாக்கனின் பயோடீஸலை ஊற்றி அதில் நாஸிலைப் போட்டார். "கசடை இது நல்லாக் கரைக்கும்னு தம்பி இப்பத்தானே சொன்னாரு? நீங்க சாப்பிட்டுட்டு வாங்க."

சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்து, நாலு மணிக்குத் திரும்பி வந்தோம். பாய் பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷினால் கரியைத் தேய்த்து எடுத்து, மயிரிழைக் கம்பியினால் மூன்று துவாரங்களையும் குத்தி, ஊசியை மெதுவாக இழுத்தார். சிக்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. கழுவிச் சேர்த்துக் கருவியில் மாட்டினார். கிண்ணத்தில் டீஸல். முதல் அமுக்கில் கறுப்பாக ஏதோ துப்பிற்று. இரண்டாவதில் ஒரு பக்கம் மட்டும் தெறித்தது. மூன்றாவது அமுக்கில், 'கிர்ர்' என்று, மூன்று வெண்குஞ்சங்கள்.

"அன்றைக்கு வல்லத்துக்கு வருவதற்கு முன்னால் நீ இங்கே ஒரு தடவை வந்திருக்கலாம்" என்றார் மாமா.

"வந்திருக்கலாம், மாமா" என்றோம்.

பாய் கூலி வாங்க மறுத்தார். மாமா விடவில்லை. பிறகு நாஸிலைக் காகிதத்தில் துடைத்துச் சுருட்டி, டப்பியில் வைக்காமல், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலி டப்பியை நம் கையில் கொடுத்துவிட்டு, தஞ்சாவூர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் நடந்தார்.